நீரும் நிலமும்: வாசகர் கேள்வி–பதில்

தனுஷ்கோடிக்குப் போயிருந்தோம். இரண்டு பக்கமும் கடல். நடுவே மணலில் ஊற்றுத் தோண்டி ஒரு பெண் நல்ல தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். வாங்கிக் குடித்தேன், உப்பே இல்லை. மணல் கடல்நீரை வடிகட்டித் தருகிறதா?
– வாசகி, காரைக்குடி

இல்லை அம்மா. மணல் தடுப்பது அழுக்கைத்தான். கரைந்த உப்பு அதற்குச் சிக்காது. நீங்கள் குடித்தது ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை. கடலோரக் கிணறுகளில் நாடா விட்டு நீர்மட்டம் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். இந்த வடிகட்டிக் கதையைச் சொல்லாத ஊரே இல்லை.

நல்ல தண்ணீர் லிட்டருக்கு 1,000 கிராம். கடல்நீரில் 35 கிராம் அளவுக்கு உப்பு கரைந்திருப்பதால் அது ஏறத்தாழ 1,025 கிராம். கனமானது அடியில், லேசானது மேலே. மணலுக்குள் அலையும் இல்லை, காற்றும் இல்லை. இரண்டையும் கலக்கிவிட ஆளில்லை. சந்திக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் உவர்நீர் நிற்கும்.

டச்சுக்காரரான கைபனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே போட்ட கணக்கு ஒன்று உண்டு. நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை இறங்கியிருக்கும். கேட்க மகிழ்ச்சிதான். ஆனால் மேலே ஓர் அடி குறைந்தால் நாளடைவில் அடியிலிருந்து 40 அடி உப்பு ஏறும் என்பதும் அதே கணக்குதான். கொட்டாங்கச்சியால் மொள்ளுகிறவர் ஊற்றைக் கெடுப்பதில்லை, மோட்டார் கெடுத்துவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் அளவில்லாமல் இறைத்ததில், நிலத்தடியில் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

ஆறுகள் நல்ல தண்ணீரைத்தானே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கடல் மட்டும் ஏன் உப்பு?
– வாசகர், முசிறி

உங்கள் காவிரியிலும் உப்பு உண்டு, நாக்குக்குத் தெரியாத அளவில். பாறைகளைக் கரைத்து ஆறு கொண்டுவருவது அது. கடலில் நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். வடிகால் இல்லாத ஏரியிலும் இதுவே நடக்கும். ராஜஸ்தானின் சாம்பர் ஏரி கடலிலிருந்து வெகுதொலைவு. அங்கே பாத்தி கட்டி உப்பு எடுக்கிறார்கள். வீராணத்துக்கு மதகு இருக்கிறது, தப்பித்தது.

நடுக்கடலில் மாட்டிக்கொண்டால் தாகத்துக்குக் கடல்நீர் குடிக்கலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

கூடாது. அந்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரைச் சிறுநீரகம் செலவழிக்கும். கிளம்பும்போதே படகில் குடிதண்ணீர் கேன் ஒன்று கூடுதலாக ஏற்றிக்கொள்ளுங்கள்.