சின்ன மிரர்லெஸ் கேமராவுக்கு அடுத்த லென்ஸ் எது? கேள்வி பதில்

கேள்விங்க நிறைய சேர்ந்துடுச்சு, ஒரே மூச்சுல பதில் போட்டுடறேன். கேட்டவங்கள்ல முக்கால்வாசி பேர் சோனி ஏ6000 வரிசையோ இசட்வி-இ10ஓ வச்சிருக்கீங்க, அதனால இங்க பேரு சொல்ற லென்ஸ் எல்லாம் அதுக்கு மாட்டறதுதான். ஃபியூஜி ஆளுங்களுக்கும் கணக்கு இதேதான்.

கேள்வி: அண்ணா, ஏ6400 வித் கிட் லென்ஸ் வச்சிருக்கேன். பையனுக்கு ரெண்டு வயசு, வீட்டுக்குள்ள எடுத்தா எல்லாமே கலங்கலா வருது. கேமராவே சரியில்லையா?

கேமரா நல்ல கேமராதான் தம்பி. கேமராவோடயே வர்ற 16-50 கிட் லென்ஸ்ல கொஞ்சம் ஜூம் பண்ணாலே எஃப் 5 கிட்ட போயிடும் (எஃப் எண் ஏற ஏற உள்ள வர்ற வெளிச்சம் குறையும்), ட்யூப்லைட் வெளிச்சத்துல அது பத்தவே பத்தாது, கேமரா வேற வழியில்லாம ஷட்டரை மெதுவாக்கும், ஓடுற பையன் இழுத்துக்கிட்டு போயிடுவான். லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் இருக்கேன்னு கேப்பீங்க, அது உங்க கை ஆடறதைத்தான் பிடிக்கும், பையன் ஆடறதைப் பிடிக்காது. சிக்மா 30 எம்எம் எஃப் 1.4 வாங்குங்க. எஃப் 5ல இருந்து 1.4க்கு வந்தா உள்ள வர்ற வெளிச்சம் பன்னெண்டு மடங்குக்கு மேல, அதாவது ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டற அளவு, ஏற ஏற படம் புள்ளி புள்ளியாகும்) 6400ல எடுத்த அதே படத்தை அதே ஷட்டர்ல 500ல எடுக்கலாம். எடை 265 கிராம்தான்.

ஒண்ணு மட்டும், 1.4லயே விட்டுடாதீங்க. ஒரு மீட்டர் தூரத்துல ஃபோகஸ்ல நிக்கற ஆழம் சுமார் ஆறு சென்டிமீட்டர், கண்ணு பளிச்சுன்னு இருக்கும் காது போயிருக்கும். எஃப் 2, ஷட்டர் செகண்டுல 250ல ஒரு பங்கு, ஐஎஸ்ஓ ஆட்டோ, கண்ணு ஃபோகஸ் ஆன். ராத்திரியில ரெண்டு லைட்டை சேர்த்துப் போடுங்க, அதுக்கு காசு கிடையாது.

கேள்வி: ப்ரோ, ஃபுல் ஃப்ரேம் லென்ஸை நம்ம கேமராவுல போட்டா 1.5ஆல பெருக்கணும் சரி, ஏபிஎஸ்-சிக்குன்னே செஞ்ச லென்ஸுக்கும் பெருக்கணுமா?

பெருக்கணும். ஃபுல் ஃப்ரேம்னா பெரிய சென்சார், நம்ம கேமராவுல இருக்கற ஏபிஎஸ்-சி அதைவிட சின்னது, அதனாலதான் காட்சி ஒண்ணரை மடங்கு நெருங்கித் தெரியுது. லென்ஸ் மேல போட்டிருக்கறது அதோட நிஜ ஃபோகல் லெங்த் (அந்த எம்எம் எண்), எந்த சென்சாருக்கு செஞ்சாலும் 30ன்னா 30தான். ரெண்டுமே நம்ம கேமரா பாடியில 45 மாதிரி தெரியும்.

கேள்வி: இசட்வி-இ10 வாங்கியிருக்கேன் சார், வ்ளாக் பண்ணணும், ஊர்த் திருவிழாவும் எடுக்கணும். சிக்மா 18-50ஆ டாம்ரான் 17-70ஆ? ரெண்டுமே 2.8ன்னு போட்டிருக்கு.

இதுல எல்லாரும் ஷார்ப்னஸ் பத்தித்தான் சண்டை போடறாங்க, அதுல பெரிய வித்தியாசம் ஒண்ணும் கிடையாது. எடையைப் பாருங்க. உங்க கேமரா பேட்டரியோட 343 கிராம். சிக்மா 290, டாம்ரான் 525. டாம்ரானை மாட்டினா தலை கீழ இழுக்கும், சாயங்காலம் தேர் கிளம்பற வரைக்கும் கழுத்துல போட்டுக்கிட்டு நின்னு பாருங்க, அப்புறம் புரியும். ஆனா டாம்ரான்ல ஸ்டெபிலைசேஷன் உண்டு, சிக்மாவுல கிடையாது, உங்க பாடியிலயும் கிடையாது (ஏ6500, 6600, 6700 வச்சிருக்கவங்களுக்கு பாடியிலயே வரும், அவங்க கண்ணை மூடிக்கிட்டு சிக்மா). கையில பிடிச்சு நின்ன இடத்துலயே வீடியோ எடுக்கறதுதான் அதிகம்னா டாம்ரான், போட்டோ அதிகம்னா சிக்மா.

வ்ளாக்குக்கு இது ரெண்டுமே சரி வராது, அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. கையை நீட்டி உங்க மூஞ்சியை எடுத்தா 18ல ஃப்ரேம் பூரா மூஞ்சிதான் இருக்கும், ஆக்டிவ் ஸ்டெடி (வீடியோவோட ஓரத்தை வெட்டி ஆட்டத்தைக் குறைக்கற ஆப்ஷன்) போட்டா அது இன்னும் கொஞ்சம் வெட்டிடும். அதுக்கு சோனி 11 எம்எம் எஃப் 1.8, 181 கிராம். இல்ல சிக்மா 10-18. முதல்ல எது முக்கியம்னு முடிவு பண்ணி ஒண்ணு வாங்குங்க, ரெண்டாவதை அடுத்த போனஸ்ல பாத்துக்கலாம்.

கேள்வி: பின்னாடி ஃபுல் ஃப்ரேம் போவேன், அதனால இப்பவே ஃபுல் ஃப்ரேம் லென்ஸா வாங்கி வச்சுக்கலாமா?

வேண்டாம். போறப்ப வாங்கிக்கலாம். 24-70ஐ நம்ம பாடியில போட்டா 36ல ஆரம்பிக்கும், ரூமுக்குள்ள குரூப் போட்டோ எடுக்க செவுத்துல முதுகு ஒட்டிடும்.

கேள்வி: அண்ணை, அப்பாவின்ர பழைய செனித் கமராவில இருந்த லென்ஸ் ஒண்டு கிடக்கு, ஹீலியோஸ் 44-2 எண்டு போட்டிருக்கு. என்ர ஏ6000இல போடலாமோ?

தாராளமா போடலாம், அதை வித்துடாதீங்க. எம்42 (உங்க லென்ஸோட பழைய திருகு மவுண்ட்) டு சோனி இ அடாப்டர் ஒண்ணு வாங்குங்க. பழைய லென்ஸ் சென்சார்ல இருந்து 45.46 எம்எம் தள்ளி நிக்கணும், நம்ம கேமராவுக்கு 18தான், அந்த மிச்ச இடைவெளியை நிரப்பற வெறும் குழாய்தான் அடாப்டர், உள்ள கண்ணாடியே கிடையாது, அதனால விலை கூடினதை வாங்கினாலும் படம் ஒண்ணும் மாறாது. மாட்டினதும் கேமரா 'லென்ஸ் இல்லை'ன்னு அடம் பிடிக்கும், மெனுவுல லென்ஸ் இல்லாம ஷட்டர் அடிக்க அனுமதிக்கற ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணுங்க. ஃபோகஸைக் கையாலதான் திருப்பணும், அதனால ஃபோகஸ் பீக்கிங்கையும் போட்டுடுங்க, ஃபோகஸான ஓரங்களை நிறம் போட்டுக் காட்டும். 58 எம்எம், பெருக்கினா 87, ஆளை எடுக்க அருமையான தூரம். பின்னாடி இலையும் வெயிலும் கலந்து இருக்கற மாதிரி நிக்க வச்சு எஃப் 2ல எடுங்க, பின்புலம் சுழி சுழியா சுத்தி வரும், புது லென்ஸ்ல அது அவ்வளவு லேசுல கிடைக்காது.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல 55-210 ஒண்ணு வருது, வேடந்தாங்கலுக்குப் போதுமா? நான் நாகப்பட்டினம், வாங்கறப்ப என்ன பாக்கணும்?

கரையில நின்னுக்கிட்டு தண்ணிக்குள்ள இருக்கற மரத்துல கூடு கட்டியிருக்கற நாரையை எடுக்கணும். 210ல மரமும் கூட்டமும் அழகா வரும், ஒத்தைப் பறவை முழு ஃப்ரேம்ல வராது. அதுக்கு 70-350 வேணும், பெருக்கினா 525, ஆனா 625 கிராம், விலையும் ஜாஸ்தி. முதல் சீசனுக்கு 210ஓட போங்க, காலையில சீக்கிரம் போங்க.

வாங்கறப்ப போன் டார்ச்சை லென்ஸோட பின்பக்கம் வச்சு, முன்னாடி இருந்து சாய்வா பாருங்க. புள்ளி புள்ளியா தூசி இருந்தா கவலையே வேண்டாம், எல்லா லென்ஸ்லயும் இருக்கும். வேர் மாதிரி, சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டு ஓடுச்சுன்னா அது பூஞ்சை, எவ்வளவு குறைச்சாலும் வாங்காதீங்க. தொடைச்சா போயிடும்னு விக்கறவர் சொல்லுவார், அது உள் கண்ணாடியில இருக்கு, எப்படித் தொடைக்கறது? ஜூமை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க, மணல் கரகரப்பு வந்தா பீச்சுக்குப் போயிட்டு வந்த லென்ஸ்.

கடலோரத்துல இருக்கீங்க, அதனால இதையும் கேட்டுக்குங்க. லெதர் பைக்குள்ள போட்டு பீரோவுல வைக்காதீங்க, பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. காத்து போகாத மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறுற சிலிக்கா ஜெல், உள்ள சின்னதா ஒரு ஈரப்பத மீட்டர். 40-50 சதவீதம் இருந்தா போதும், 30க்குக் கீழ இறக்கிட்டுப் பெருமைப்படாதீங்க. ஜெல் நிறம் மாறினா சூடாக்கி திரும்பப் போடலாம்.

கேள்வி: நான் ஆன்லைன்ல கவரிங் நகை விக்கறேன் அண்ணா. ஜிமிக்கி, மூக்குத்தி எல்லாம் குளோசப்ல எடுக்க மேக்ரோ லென்ஸ் வாங்கியே ஆகணுமா? என்கிட்ட சோனி 50 எம்எம் 1.8 இருக்கு.

வாங்க வேண்டாம்மா, எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டற வெறும் குழாய்) வாங்குங்க, 10 எம்எம்மும் 16 எம்எம்மும் சேர்ந்து செட்டா வரும். ரெண்டையும் போட்டா 26, அதை 50ஆல வகுத்தா 0.52 (பொருளோட நிஜ அளவுல எத்தனை பங்கு சென்சார்ல விழுதுங்கற கணக்கு), உங்க லென்ஸோட சொந்தக் கணக்கு 0.16 இருக்கு, ஆக மொத்தம் 0.68. அதாவது மூணரை சென்டிமீட்டர் அகலம் ஃப்ரேம் முழுக்க வரும், ஜிமிக்கி தாராளமா அடங்கும். மூக்குத்தின்னா சுத்தி இடம் விட்டு எடுத்து அப்புறம் வெட்டிக்குங்க, 24 மெகாபிக்சல் எதுக்கு இருக்கு. வாங்கறப்ப உள்ள எலக்ட்ரிக் காண்டாக்ட் இருக்கற ட்யூபான்னு பாத்து வாங்குங்க, அது இல்லன்னா அபெர்ச்சரை, அதான் எஃப் எண்ணை, மாத்த முடியாது.

விலை கம்மின்னு 30 எம்எம் மேக்ரோவை யாராவது சொன்னா நகைக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க. முழு குளோசப்ல லென்ஸ் நுனிக்கும் நகைக்கும் நடுவுல ரெண்டரை சென்டிமீட்டர்கூட இருக்காது, லென்ஸோட நிழலே கல்லு மேல விழும். ட்ரைபாட்ல வச்சு, எஃப் 8, ரெண்டு செகண்ட் டைமர், ஜன்னல் வெளிச்சம், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் பேப்பர். ஃபேனை நிறுத்திடுங்க, ஜிமிக்கி ஆடும்.