சைலன்ஸர் மாற்ற 185,000 ரூபாய்: முதலில் லீசிங் ஒப்பந்தத்தைப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். 1000 சீசீ டர்போ ஹொண்டா சிவிக் ஒன்றை லீசிங்கில் எடுத்து ஓடுகிறேன். இன்னும் மூன்று வருடத் தவணை பாக்கி. சைலன்ஸரை முழுதாக மாற்ற ஒரு கராஜில் 185,000 ரூபாய் பேசி, 50,000 முற்பணம் கொடுத்துவிட்டேன். புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வேர்ட்டரையும் கழற்றினால்தான் பவர் கூடும் என்கிறார்கள். "புகைப் பரிசோதனைக்குப் போகும்போது பழையதைப் பூட்டித் தருவோம், சட்டப் பிரச்சினை ஒன்றும் வராது" என்று வாட்ஸ்அப்பிலும் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் எதிர்ப்பு. இந்தச் செலவு தகுமா? விலகினால் முற்பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: தம்பி, வாகனப் பதிவுப் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அநேகமாக உங்களிடம் இருப்பது அதன் பிரதியாகத்தான் இருக்கும். அதில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பது லீசிங் கம்பனியின் பெயர். கடைசித் தவணை கட்டும்வரை கார் அவர்களுடையது, நீங்கள் பாவிக்கிறீர்கள், அவ்வளவுதான். எழுத்து மூல அனுமதி இல்லாமல் வாகனத்தில் மாற்றம் செய்யக்கூடாது என்ற வாசகம் இல்லாத லீசிங் ஒப்பந்தத்தை நான் இன்னும் காணவில்லை. தவணை ஒழுங்காகப் போகும்வரை யாரும் காருக்கு அடியில் குனிந்து பார்க்கப் போவதில்லை என்பது உண்மைதான். தவணை பிந்தும்போதும் விபத்து நடக்கும்போதும் குனிவார்கள்.

கராஜ்காரர் உங்களிடம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. கழற்றும் அந்தக் கன்வேர்ட்டர் எங்கே போகும்? அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை கூடிய உலோகங்கள் இருக்கின்றன. அதனால்தான் பழைய கன்வேர்ட்டருக்கு எப்போதும் ஆள் இருக்கிறது. "பழையதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் அது அன்பில் சொல்வதல்ல. பரிசோதனை நாளில் அதைத் திருப்பிப் பூட்ட வேண்டுமே, அது அதுவரை இருக்குமா? இல்லாமல் போனால், கம்பனிக்குச் சொந்தமான பாகம் ஒன்றை அனுமதியில்லாமல் கைவிட்டவர் நீங்கள். பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான், கராஜ் அல்ல.

பரிசோதனைக்கு மட்டும் பழையதைப் பூட்டும் யோசனைக்கு வருவோம். பெட்ரோல் காரை ஐட்லிங்கிலும் 2,500 ஆர்பிஎம் அளவிலும் வைத்து காபன் மொனொக்சைட்டையும் ஹைட்ரோகாபனையும் அளக்கிறார்கள். அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால்தான் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம். ஒரு நாளைக்கு வேறு குழாய் பூட்டிப் பெறும் சான்றிதழ், மீதி 364 நாள் வீதியில் ஓடும் காருடையதல்ல. நாளை விபத்து நடந்து காப்புறுதி மதிப்பீட்டாளர் காருக்கு அடியில் படம் எடுத்தால், சான்றிதழ் ஒரு கதை சொல்லும், படம் இன்னொரு கதை சொல்லும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி உங்கள் காரின் சேதத்துக்கான கோரிக்கையைக் காப்புறுதிக் கம்பனி இழுத்தடிக்கலாம், மறுக்கவும் பார்க்கலாம்.

பொலிஸ் விஷயம் உங்களுக்கே தெரியும். சத்தத்தை அடக்கும் சைலன்ஸர் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது புதிதாக வந்த சட்டமல்ல. 2025 ஜனவரியில் 'க்ளீன் ஸ்ரீ லங்கா' பேச்சோடு மாற்றியமைத்த வாகனங்களை மறிக்கத் தொடங்கியபோதுதான் பலருக்கு அது நினைவுக்கு வந்தது. தண்டப்பணத்தைவிட நீதவான் நீதிமன்றத்துக்கு அலையும் நாட்கள்தான் கூடுதல் செலவு.

இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது என்ன? எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசீயூவைத் தொடாமல் குழாயை மட்டும் மாற்றினால் இந்த அளவு எஞ்சினில் பெரிதாகக் கூடுவது சத்தம்தான். கன்வேர்ட்டரை எடுத்தால் அதற்குப் பின்னால் உள்ள சென்ஸர் காட்டிக்கொடுக்கும், 'செக் எஞ்சின்' விளக்கு எரியும், அதை அணைக்க இன்னொரு செலவு. பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு வர காலி வீதியில் முக்கால் மணித்தியாலம் நிற்கிற நமக்கு அந்தப் பவரை எங்கே பாவிப்பது? எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன் காலை ஐந்தரைக்கு இப்படி ஒரு காரை ஸ்டார்ட் பண்ணுவான். கீழ்த்தளத் தரிப்பிடத்தில் நிற்கும் மற்றக் கார்களின் அலாரமெல்லாம் சேர்ந்து அடிக்கும். அவன் போன பிறகு நாங்கள் எழும்பி டீ போடுவோம்.

ஆகவே தகாது. மூன்று வருடம் முடிந்து கார் உங்கள் பெயருக்கு முழுதாக வந்த பிறகும் ஆசை இருந்தால், கன்வேர்ட்டரில் கை வைக்காமல் அதற்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும், சத்தம் குறைந்த ஒன்றாக மாற்றுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு எழுதி அறிவியுங்கள். கழற்றிய பழையது உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

இனி முற்பணம். மனம் மாறியதால் விலகுகிறேன் என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் முற்பணத்தைப் பிடித்து வைக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். "சட்டப் பிரச்சினை ஒன்றும் வராது என்று நீங்கள் எழுதியதை நம்பித்தான் பணம் தந்தேன். அது சரியல்ல என்று அறிந்ததால் வேலையைத் தொடங்க வேண்டாம், 50,000 ரூபாயை 14 நாளுக்குள் திருப்பித் தாருங்கள்" என்று அதே வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதிவுத் தபாலிலும் போடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதையும் பொய்யான உறுதிமொழிகளையும் தடுக்கின்றன. சபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தி சாட்சியாகுமா என்று பயப்பட வேண்டாம், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதற்கு இடம் தருகிறது. போனை மாற்றினாலும் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். அதற்கும் மசியாவிட்டால் இந்தத் தொகைக்கு முதலில் போக வேண்டிய இடம் மத்தியஸ்த சபை, அங்கே சட்டத்தரணி தேவையில்லை. சட்டத்தரணியான எனக்குத்தான் நட்டம்.

உங்கள் காருக்கென்றே அவர்கள் குழாயை ஏற்கனவே தருவித்திருந்தால் அந்தச் செலவில் ஒரு பங்கைக் கேட்கக்கூடும். பில்லைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை காரை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஒருமுறை ஜெக்கில் ஏற்றிவிட்டால், "வேலை தொடங்கிவிட்டோமே தம்பி" என்ற பேச்சு வந்துவிடும்.