பரம்பரைக் கத்திப் பட்டறையில் ஓடிஎஃப் கத்தி விற்கலாமா?

கேள்வி: தலைமுறை தலைமுறையாக மடக்குக் கத்தி செய்துவரும் ஒருவர், பட்டனைத் தள்ளியதும் அலகு நேராக முன்பக்கம் பாயும் ஓடிஎஃப் கத்திகளையும் விற்கலாமா? பெயர் கெட்டுவிடாதா?

விற்கலாம். ஆனால் அந்தக் கத்தியை உங்கள் கையால் பிரித்து, பழுதைச் சரிசெய்து, மறுபடி பூட்டத் தெரிந்திருக்க வேண்டும். கேள்வியைப் படித்தால் நீங்களே பட்டறை வைத்திருப்பவர் என்றும், யாரோ விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

20 வருடங்களுக்கு மேலாக மடக்குக் கத்திதான் என் தொழில். கார்பன் எஃகு அலகு, பித்தளை உள்தகடு, எலும்புப் பிடி, முதுகில் ஒரு பட்டை வில். பூட்டு கிடையாது, வில்லின் அழுத்தம்தான் அலகை நிறுத்தும். ஆசானிடம் வேலை கற்றபோது, அலகு பக்கவாட்டில் ஒரு மயிரிழை ஆடினாலும் கத்தி வெளியே போகாது. ஆணியைத் தட்டி எடுத்து முதலிலிருந்து செய்யச் சொல்வார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். ஆசான் செய்த கத்தியை வெகு காலமாக வைத்திருப்பவர். பக்கவாதம் வந்து அவருக்கு இடது கை போய்விட்டது. "தம்பி, ஒரு கையாலேயே திறந்து மூடுற மாதிரி, அந்தப் பட்டன் கத்தி ஒண்ணு செஞ்சு கொடுப்பியா?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "அதெல்லாம் ரவுடிங்க வச்சிருக்கிற சாமான் ஐயா, நம்ம பட்டறையில செய்யறதில்ல" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பழைய கத்தியை எடுத்து மேசையில் வைத்தார். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த அலகு. நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்தைச் சுற்றி மட்டும் துருப்புள்ளிகள். அங்கே மட்டும் ஏன் துரு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கத்தியை வாயருகே கொண்டுபோய், பல்லால் அலகைக் கடித்து இழுத்துத் திறந்து காட்டினார். துரு எச்சிலால் வந்தது. அப்புறம் அலகின் முதுகைத் தொடையில் வைத்து அழுத்தி மூடினார். பூட்டில்லாத கத்தி, அவருடைய விரல் நுனிகள் அலகு விழும் வழியிலேயே இருந்தன. அதைப் பார்த்த பிறகு நான் சொன்ன வார்த்தையை நினைத்து இரண்டு நாள் மனசு சரியில்லை.

சட்டம் எழுதியவர்களுக்கே இது தோன்றியிருக்கிறது. அமெரிக்காவில் 1958இல் பட்டன் கத்திகளின் மாநிலம் விட்டு மாநில வியாபாரத்தைத் தடை செய்த கூட்டாட்சிச் சட்டம், ஒரு கை மட்டுமே உள்ளவர் 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள கத்தியை வைத்துக்கொள்ள விலக்கு தருகிறது.

சரி, செய்து பார்ப்போம் என்று ஓடிஎஃப் கத்தி ஒன்றை வாங்கிப் பிரித்தேன். டபுள் ஆக்ஷன் வகை, திறப்பதும் மூடுவதும் ஒரே பட்டன். உள்ளே ஒரு ஸ்பிரிங், இரண்டு கொக்கிகள், ஒரு நகரும் தகடு. ஸ்பிரிங் எப்போதும் விறைப்பாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பட்டனைத் தள்ளும் கட்டைவிரல்தான் அதை இழுக்கிறது. விறைப்பு ஏறியதும் ஒரு கொக்கி விடுகிறது, அலகு ஓடுகிறது, மறுமுனையில் இன்னொரு கொக்கி பிடிக்கிறது. வழியில் ஏதாவது தடுத்தால் அலகு பூட்டாமல் பாதியில் நின்றுவிடும், கையால் இழுத்துத்தான் கொக்கியில் மாட்ட வேண்டும்.

நான் செய்த முதல் கத்தி பாதி நேரம் பாதியில் நின்றது. அரம் போட்டு அரம் போட்டு இறுக்கமாகப் பொருத்தியே பழகிய கை. ஓடிஎஃப்பில் அலகு ஓட இடைவெளி வேண்டும், கொஞ்சம் ஆட்டம் இருந்தே தீரும். குற்றம் என்று படித்த ஒன்றை வேண்டுமென்றே விடுவதற்கு எனக்குப் பல மாதம் ஆனது. இரண்டாவது கடகடவென்று ஆடியது. மூன்றாவதில் கொக்கி தேய்ந்தது. நான்காவதுதான் அவர் கைக்குப் போனது. அதுவும் சில வாரத்தில் திரும்பி வந்தது, சட்டைப்பை நூல்தூசி உள்ளே போய் அடைத்துக்கொண்டது. திருகைக் கழற்றி, ஊதி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். இப்போதும் அவ்வப்போது வருகிறார், அதே வேலைதான்.

இதனால்தான் சொல்கிறேன், எங்கோ மொத்தமாகச் செய்த ஓடிஎஃப்பை வாங்கி உங்கள் முத்திரையைக் குத்தி விற்காதீர்கள். அது திரும்பி வரும் நாளில் உங்களால் அதைத் திறக்கக்கூட முடியாது.

நான் பாரம்பரியத்தை விற்றுவிட்டேன் என்று கீழே கருத்து எழுத வருபவர்களுக்கு ஒன்று. 1904இல் நியூயார்க் மாநிலத்து வால்டனில் தொடங்கிய ஷ்ரேட் நிறுவனம் சாதாரண மடக்குக் கத்தியோடு பட்டன் கத்தியையும் செய்தது. 1937இல் ஜெர்மன் பாராசூட் வீரர்களுக்குக் கொடுத்த கத்தியில் அலகைத் தள்ள ஸ்பிரிங்கே இல்லை, அலகு தன் எடையால் முன்பக்கம் இறங்கும். கயிறு சிக்கினால் ஒரு கையால் அறுக்க. முன்பக்கம் வரும் அலகு நேற்று முளைத்த விஷயமில்லை.

சட்டத்தை மீறச் சொல்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் 1959 முதலே பட்டன் கத்தி செய்வதும் விற்பதும் குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 ஜூலை முதல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். உங்கள் இடத்துச் சட்டம் அனுமதிக்காவிட்டால் பேச்சே இல்லை. அனுமதித்தாலும், வெளியூருக்கு அனுப்பும் முன் வாங்குபவரின் இடத்துச் சட்டத்தைப் பாருங்கள்.

அனுமதி உண்டு என்றால் முதலில் ஒன்றை வாங்கிப் பிரியுங்கள். மூடியைத் தூக்கும்போது மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஸ்பிரிங் பறந்து தொலைந்தால் அதே விறைப்பில் இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.