சீனாவுக்கு ஈயூவி சிப் இயந்திரம் ஏன் கிடைப்பதில்லை?

பணம் இருந்தும் சீனாவால் ஏன் வாங்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஈயூவி என்னும் மிகக் குறுகிய அலைநீளப் புற ஊதா ஒளியால் சிப் தயாரிக்கும் இந்த இயந்திரத்தை விற்பது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் ஒன்றுதான். உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்குச் சுமார் 50,000 வீதம் பாயவிட்டு, ஒவ்வொன்றையும் லேசரால் அடித்து, அதில் பிறக்கும் 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியால் சிலிக்கானில் சிப்பின் கோடுகளைப் பதிக்கிறார்கள், நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. இதன் ஆடிகள் ஜெர்மனியிலிருந்தும், ஒளி மூலத்தின் தொழில்நுட்பம் அமெரிக்காவிலிருந்தும் வருகின்றன. அதனால்தான் வாஷிங்டனின் பேச்சு எடுபடுகிறது. அதன் அழுத்தத்தால் 2019 முதல் நெதர்லாந்து ஏற்றுமதி உரிமம் தரவில்லை. அப்புறம் சீனாவும் சும்மா இருக்கவில்லை, 2023 ஆகஸ்டிலிருந்து சிப் தயாரிப்பில் பயன்படும் காலியம், ஜெர்மானியம் ஆகிய தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. உலகின் காலியத்தில் பெரும்பங்கு அங்கேதான் உற்பத்தியாகிறது. தடை சீனாவைத் தாமதப்படுத்தும், ஆனால் நிறுத்தாது என்பதே என் கணிப்பு.