படியளப்பவரும் கேள்வி கேட்பவரும்

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்

ராக்கெட் விடவும் தடுப்பூசி கண்டுபிடிக்கவும் அரசு காசு கொடுக்கட்டும், சரி. ஊர் ஊராகப் போய் 'உங்கள் வீட்டில் எத்தனை மாடு' என்று கேட்பதற்கு எதற்கு ஐயா எங்கள் வரிப்பணம்?
வியாபாரி, செய்யாறு

செய்யாற்றுக்காரர் கேட்பதால் பக்கத்து ஊரிலிருந்தே தொடங்குகிறேன். தூசி உங்களுக்குத் தெரியாத ஊரா? சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களைக் கிராமக் கணக்கெடுக்க அனுப்பினார். தூசி, இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம். யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு கடன், படியாளுக்கு, அதாவது நெல் கூலிக்குப் பண்ணையோடு கட்டுண்டு உழைத்தவருக்கு, என்ன கூலி என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். நீங்கள் கேலி செய்கிற மாட்டுக் கணக்கும் அதில் உண்டு.

1930-களில் அதே பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார். 1980-களின் தொடக்கத்தில், அடையாறு காந்தி நகரில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் எஸ். குகனும் ஜோன் மென்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008-இல் இன்னொரு குழு போனது. ஆக, விழுப்புரம் பக்கத்து ஊர் ஒன்றின் 92 வருடக் கதை இன்று நம் கையில் இருக்கிறது. மாட்டை ஒரு தடவை எண்ணினால் அது வெறும் மாட்டுக் கணக்கு. நாலு தலைமுறை எண்ணினால், படியாள் முறை எப்படித் தேய்ந்தது, நிலம் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குக் கை மாறியது என்பதெல்லாம் அதிலிருந்து தெரியும். எந்தக் கம்பெனி இதற்குக் காசு போடும்? மூன்று மாதத்தில் லாபம் தெரியாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

அந்த அடையாறு நிறுவனத்தை 1971-இல் பொருளியலாளர் மால்கம் ஆதிசேஷையா சொந்தக் காசைப் போட்டுத்தான் தொடங்கினார். ஆனாலும் 1977-இல் மத்திய அரசின் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் தமிழக அரசும் சேர்ந்து தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. தனி மனிதர் கொடை எவ்வளவு தூரம்தான் ஓடும்?

அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பணத்தை வெட்டுகிறார்களாமே. இது டிரம்ப் காலத்துப் புதுமையா?
கல்லூரி மாணவர், திருச்சி

2025-இல் அவர்களுடைய தேசிய அறிவியல் அறக்கட்டளை (ஆராய்ச்சிக்கு அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களை ரத்து செய்தது. வேகம்தான் புதிது, பழக்கம் பழையது. 1975-லேயே வில்லியம் ப்ராக்ஸ்மயர் என்ற செனட்டர், மனிதர்கள் ஏன் காதலிக்கிறார்கள் என்ற ஆய்வுக்கு 84,000 டாலரா என்று கேட்டு, 'தங்கக் கம்பளி' என்றொரு கிண்டல் விருதை அந்த அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர் என்பதையும் கவனியுங்கள்.

எனக்குப் பிடித்த கதை டாம் கோபர்ன் கதை. குடியரசுக் கட்சி செனட்டர், தொழிலால் மருத்துவர். அரசியல் அறிவியல் ஆய்வுக்கு ஒரு காசு தரக்கூடாது என்று 2009 அக்டோபரில் திருத்தம் கொண்டு வந்தார். அதே மாதம், அதே அறக்கட்டளையின் பணத்தில் ஆய்வு செய்த எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அரசியல் அறிவியல் பேராசிரியைக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது! குளம், வாய்க்கால், மீன்வளம் போன்ற பொதுச் சொத்தை ஊர்க்காரர்களே கூடிக் காப்பாற்றுவது எப்படி என்பது அவர் ஆய்வு. வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டுவிடும் நம் ஊர் நீர்க்கட்டியிடம் சொன்னால் 'இதற்கா நோபல்?' என்பார்.

அந்தத் தடவை கோபர்ன் தோற்றார். ஆள் விடவில்லை. 2013 மார்ச்சில் நிறைவேறியது: தேசப் பாதுகாப்புக்கோ பொருளாதார நலனுக்கோ உதவும் என்று சான்று இருந்தால்தான் அரசியல் அறிவியலுக்குப் பணம். இத்தனை ஆர்ப்பாட்டமும் அறக்கட்டளையின் வருடச் செலவான சுமார் 700 கோடி டாலரில் ஒரு கோடிச் சொச்சத்துக்காக. அந்த ஆகஸ்டில் விண்ணப்பம் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் அந்த நிபந்தனை போனது.

நம் நாட்டில் அப்படித் தடை எதுவும் இல்லையே?
வாசகர், நாகர்கோவில்

எல்லை தாண்டினால் காசர்கோடு வரைக்கும் உங்களுக்கு ரயில் உண்டு. அங்குள்ள மத்தியப் பல்கலைக்கழகம் 2019 மார்ச்சில் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஆய்வுத் தலைப்புகள் தேசிய முன்னுரிமைக்கு ஏற்ப இருக்க வேண்டும், துறைகள் பட்டியல் தயாரித்து வைக்க வேண்டும் என்று. அதை எதிர்த்து, ஆங்கிலப் பேராசிரியை மீனா டி. பிள்ளை அங்கே பாடத்திட்டக் குழுவிலிருந்து விலகினார். அதே வருடம் நவம்பரில், 2017-18 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை வெளியிடப் போவதில்லை என்று மத்திய அரசு அறிவித்தது. எடுத்த கணக்கைப் பூட்டி வைப்பதற்குப் பெயர் தடை இல்லை என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

உங்களையே கேட்கிறேன் சார். காசுக்காக ஆய்வை வளைத்ததுண்டா?
ஆய்வு மாணவி, விருத்தாசலம்

உண்டு அம்மா.

இது முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. தொடக்கக் கூட்டுறவுச் சங்கக் கடனில் சாதி என்ன செய்கிறது என்று ஒரு ப்ரொபோசல் அனுப்பினேன். பணம் தரும் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மிக நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். "சார், இந்த 'சாதி' மட்டும் கொஞ்சம் இடிக்குது. 'சமூகப் பொருளாதாரக் காரணிகள்'னு போட்டீங்கன்னா கமிட்டியிலே சட்டுனு போயிடும்." போட்டேன். போய்விட்டது.

அவர் தலைப்பை மாற்றத்தான் சொன்னார். கேள்வித்தாளில் 14-ஆவது கேள்வி, 'கடன் கேட்கப் போனபோது எங்கே உட்காரச் சொன்னார்கள்?' அதை எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. நானே பேனாவை எடுத்து அடித்தேன். தலைப்பில் இல்லாத விஷயம் உள்ளே எதற்கு, அடுத்த தவணை நின்றுவிட்டால் களப்பணிப் பையன்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

களத்தில், காலனியில் ஒரு ஆயா எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி முடித்துவிட்டு, "அவ்ளோதானா?" என்றது. பிறகு தானாகவே சொன்னது: பாஸ்புக்கைக் கையில் தர மாட்டார்களாம், திண்ணையில் போடுவார்களாம், குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம். எழுத அதில் கட்டம் இல்லை. தாளின் பின்பக்கம் பென்சிலால் குறித்தேன். 86 பக்க அறிக்கையில் அது இல்லை. தாள் மட்டும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, பென்சில் மங்கிவிட்டது.

மகன் சமூகவியலில் பிஎச்.டி. சேர ஆசைப்படுகிறான். உதவித்தொகை ஒழுங்காக வருமா?
ஒரு தாய், தேனி

'நெட்' என்ற தேசியத் தகுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். 'நெட்' இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் 8,000. நம் வீட்டு சிலிண்டரும் பஸ் பாஸும் எவ்வளவு ஏறினாலும் இந்த 8,000 மட்டும் பல வருடமாக ஏறவில்லை. கையில் ஆறு மாத வாடகையை வைத்துக்கொண்டு சேரச் சொல்லுங்கள். என் மாணவர் ஒருவருக்கு எட்டு மாதப் பாக்கி ஒரே நாளில் வந்தது. அன்றைக்கு மெஸ்காரர்தான் முதலில் வாசலில் நின்றார்.