மடக்கை: அடிமானத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்

பெங்களூரு அல்சூரில் கூடும் எங்கள் வாசகர் வட்டம் இம்மாதம் ‘மடக்கை’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டது. நீண்ட காலம் கணிதம் கற்பித்தவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன. வந்த வரிசையிலேயே விடை எழுதியிருக்கிறேன்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அண்ணன் மகனின் தமிழ்வழிப் புத்தகத்தில் ‘மடக்கை’ என்றிருக்கிறது. எதை மடக்குவது? (ஸ்ரீராமபுரம்)

செய்தித்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. ஒருமுறை மடித்தால் 2 அடுக்கு, மறுமுறை மடித்தால் 4, பிறகு 8. 64 அடுக்கு வருவதற்கு எத்தனை முறை மடிக்க வேண்டும் என்று கேட்டால் 6 என்பீர்கள். அந்த 6 தான், 2-ஐ அடிமானமாகக் கொண்ட 64-இன் மடக்கை. ஒவ்வொரு முறையும் இரண்டாக அல்லாமல் நான்காக மடித்தால் மூன்று முறையிலேயே 64 வந்துவிடும். அப்போது மடக்கை 3. எனவே அடிமானத்தைச் சொல்லாமல் மடக்கையைக் கேட்பது, கடையில் போய் “ஐந்து கொடுங்கள்” என்று நிற்பதைப் போன்றது. இதை இன்னும் சிலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் துறையில் ‘லாக்’, அதாவது மடக்கை, என்றாலே அடிமானம் 2 தானே? ஒவ்வொரு முறையும் ஏன் எழுத வேண்டும்? (ஒயிட்ஃபீல்டு)

இக்கேள்வி வட்டத்தில் வாசிக்கப்பட்டதும், பீன்யாவிலிருந்து வந்த மின்னணுப் பொறியாளர் ஒருவர் “லாக் என்றால் 10 தான்” என்று எழுந்தார். முதுகலை மாணவி ஒருவர், கணிதத்தில் அது ‘ஈ’ என்னும் மாறிலியை, அதாவது ஏறத்தாழ 2.718-ஐ, அடிமானமாகக் கொண்டது என்றார். அரைமணி நேரம் அதிலேயே போயிற்று.

மூவரும் தத்தம் துறையில் சரியாகவே பேசினார்கள். வரிசைப்படுத்திய 10 லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேடும்போது, ஒவ்வோர் ஒப்பீட்டிலும் பட்டியல் பாதியாகக் குறைவதால் 20 ஒப்பீடுகளே போதும். அங்கே 2 இயல்பானது. ஒலியின் டெசிபெல் அளவில் திறன் பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். அங்கே 10 வசதியானது. ‘ஈ’ அடிமானத்தில் மட்டுமே மடக்கைச் சார்பின் வகைக்கெழு, அதாவது அது மாறும் வீதம், எந்தப் பெருக்கற்காரணியும் ஒட்டாமல் ‘எக்ஸில் ஒன்று’ (1/x) என வருகிறது. அதனால்தான் அதை இயற்கை மடக்கை என்கிறோம்.

ஒயிட்ஃபீல்டு அன்பர், தரவு கூடக்கூட நிரலுக்கு ஆகும் நேரம் எப்படி வளர்கிறது என்பதை மட்டும் ஒப்பிடுகிறார் என்றால் அடிமானத்தை விட்டுவிடலாம். ஓர் அடிமானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது ஒரு மாறிலியால் பெருக்குவதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை. எண்ணை எழுதும் இடத்தில் அந்தச் சலுகை இல்லை. எக்செலில் 100-க்கு ‘லாக்’ கேட்டால் 2 என்று வரும். பைத்தான் நிரல்மொழியில் அதையே கேட்டால் 4.605 என்று வரும். நான் ஒருமுறை மாணவர்களின் அளவீடுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, வரைபடம் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்து நிற்பதைக் கண்டு, கருவியைக் குறைசொல்லி ஒரு பிற்பகலை வீணாக்கியிருக்கிறேன்.

மடக்கையைக் கண்டுபிடித்தவர் யார்? (சிவாஜி நகர்)

ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614-இல் தம் அட்டவணையை வெளியிட்டார். அவருடைய மடக்கை இன்றைய வடிவில் இல்லை. 10-ஐ அடிப்படையாகக் கொண்ட பெரிய அட்டவணையை ஹென்றி பிரிக்ஸ் 1624-இல் தந்தார். ஆனால் கர்நாடகத்தில் வாழும் நமக்கு இன்னொரு செய்தி முக்கியம். ஒன்பதாம் நூற்றாண்டில் வீரசேனர் எழுதிய ‘தவளா’ என்னும் சமண உரைநூலில், ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதை ‘அர்த்தச்சேதம்’ என்று வரையறுத்து, பெருக்கற்பலனின் அர்த்தச்சேதம் தனித்தனி அர்த்தச்சேதங்களின் கூட்டுத்தொகை என்பதையும் பயன்படுத்தியிருக்கிறார். அந்நூலின் ஓலைச்சுவடிகளைக் காத்துவந்தது நம் கர்நாடகத்துச் சமணத் தலமான மூடபித்ரி. ஆயினும் பெருக்கலைச் சுலபமாக்கும் அட்டவணையாக அது வளரவில்லை; ஆகவே நேப்பியரைத் தூக்கி எறிய வேண்டாம்.

கூட்டலின் மடக்கை, மடக்கைகளின் கூட்டல்தானே? (மூவர் கேட்டது)

இல்லை. பத்தடிமானத்தில் 2-இன் மடக்கை 0.301, 3-இன் மடக்கை 0.477. கூட்டினால் 0.778, அது 6-இன் மடக்கை, 5-இனுடையது அன்று.

கழித்தலுக்காவது பொருந்துமா? (அம்மூவரில் ஒருவர்)

மேலே உள்ள விடையை மீண்டும் படியுங்கள்.

நிலநடுக்கம் 5-லிருந்து 6 ஆனால் ஐந்தில் ஒரு பங்குதானே கூடுகிறது? (பிரேசர் டவுன்)

இதுவும் மடக்கை அளவே. ஒரு படி ஏறினால் அதிர்வின் வீச்சு 10 மடங்காகிறது. வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகிறது.

குறையெண்ணுக்கு மடக்கை உண்டா?

மெய்யெண்களுக்குள் இல்லை. கலப்பெண்களுக்குள் ஒன்றல்ல, முடிவற்றவை உண்டு. அது வேறொரு மாதத்துக்கு.

மகளுக்கு நல்ல டியூஷன் எங்கே கிடைக்கும்?

வட்டத்தின் செயலாளரைக் கேளுங்கள்.

1-இன் மடக்கை எவ்வளவு, ஐயா? அடிமானம் சொல்லவில்லை என்று கோபிக்காதீர்கள். (அல்சூர், பள்ளி மாணவன்)

கோபிக்க மாட்டேன், தம்பி. 1-ஐத் தவிர எந்த மிகையெண்ணை அடிமானமாக வைத்தாலும் விடை 0 தான். மடிக்காத தாளுக்கு ஓரடுக்கு.