கரியும் கந்தகமும் ரப்பருக்குள் செய்யும் வேலை

அன்புள்ள ஐயா,

வள்ளியூரில் டயர் ரீட்ரேடிங் பட்டறை வைத்திருக்கிறேன். ரப்பர் இழுபடும்போது படிகமாகிறது, அதனால்தான் எளிதில் கிழிவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் கலக்கும் கந்தகம், கரி (கார்பன் பிளாக் தூள்), ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் எல்லாம் அயல் பொருள்கள்தானே? அவை படிகமாவதைக் கெடுக்காதா?

வாசகர், வள்ளியூர்

அன்புள்ள நண்பருக்கு,

கெடுக்கும், தூண்டவும் செய்யும். ரப்பர் சும்மா கிடக்கிறதா, இழுபடுகிறதா என்பதைப் பொறுத்தது அது. படிகமாவது என்றால் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக வரிசையில் அமைவது.

சும்மா கிடக்கும் இயற்கை ரப்பர் மைனஸ் 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில்தான் மிக வேகமாகப் படிகமாகும். உடன்குடிப் பக்கம் பனங்கற்கண்டு விளைவதைப் பார்த்திருப்பீர்கள். பாகில் நூல் கட்டி அசையாமல் வைப்பார்கள். நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு வளரும். ரப்பருக்குள் அந்த நூலின் வேலையைச் செய்வது ஸ்டியரிக் அமிலம். கந்தகமோ மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே கட்டிப்போடுகிறது. கட்டுண்ட சங்கிலி வரிசையில் வந்து அமையத் திணறும். இந்த அளவில் உங்கள் சந்தேகம் சரி.

இழுத்துப் பிடித்த ரப்பரை 1925இல் காட்ஸ் என்ற விஞ்ஞானி எக்ஸ்ரே வழியே ஆராய்ந்தபோது, படிகத்துக்குரிய புள்ளிகள் தெரிந்தன. இழுவையில் சங்கிலிகள் ஒரே திசையில் நீள்வதால், அறை வெப்பத்திலேயே, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் படிகம் பிறந்துவிடுகிறது. கந்தகக் கட்டு இல்லாவிட்டால் சங்கிலிகள் மெல்ல நழுவிப் போகும். குளிரில் தடையாக இருந்த அதே கட்டுதான் இங்கே பிடிமானம். அளவு மீறினால் மறுபடியும் தடை.

என்னை மிகவும் வியக்க வைப்பது கரி. கரித்துகள் இழுபடாது. ஆகவே இரு துகள்களுக்கு நடுவே மாட்டிய ரப்பர், துகளின் பங்கையும் சேர்த்து நீண்டாக வேண்டும். வெளியே நாம் அளக்கும் நீட்சியைவிட உள்ளே நீட்சி மிகுதி. படிகமும் முன்கூட்டியே வருகிறது. டயரில் வெட்டு விழுந்தால் அதன் நுனியில்தான் இழுவை அதிகம். அங்கேயே படிகம் திரண்டு கிழிசலை மறிக்கிறது.

டயரை அச்சில் அழுத்தி வேகவைக்கும்போதும் படிகமாகுமோ என்று நீங்கள் நினைக்கலாம். அழுத்தம் ஏற ஏறப் படிகம் உருகும் வெப்பநிலையும் ஏறும் என்பது உண்மை. ஆனால் உங்கள் அச்சில் நூறு டிகிரிக்கு மேல் வேகும் ரப்பரைப் படிகமாக்க அந்த அழுத்தம் போதாது.

இழுவையில் படிகமாவதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். குமரி மாவட்டத்து ரப்பர் ஷீட்டில், எதுவும் கலக்காததில், ஒரு கீற்று வெட்டுங்கள். நன்றாக இழுத்து, பிடித்தபடியே ஐஸ் தண்ணீரில் சற்று நேரம் வைத்த பின் பிடியை விடுங்கள். நீண்டபடியே நிற்கும். உள்ளங்கையில் பொத்தினால் படிகம் உருகிச் சுருங்கும். கந்தகம் கலந்து வெந்த ரப்பரிலும் இதையே செய்து பார்த்து எனக்கு எழுதுங்கள்.